ஆறு 400களும் இரண்டு மணித்தியால ஆசையும்

அண்ணா என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் என் தங்கச்சி என்ற உரிமையோடு கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலில், உங்கள் நிலைமையை நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பாருங்கள். வயது 39. ஒன்றரை வருடமாக யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் கிழமைக்கு நான்கு நாள் ஓடுகிறீர்கள். ஒவ்வொரு நாளும் 6 கிலோமீற்றர், எப்போதும் கிட்டத்தட்ட ஒரே வேகம். 10 கிலோமீற்றரை 66 நிமிடத்தில் முடித்தீர்கள். அதற்குப் பிறகு ஆறு மாதமாக அந்த நேரம் அசையவில்லை. ஒக்டோபரில் கொழும்பில் ஓர் அரை மரதனுக்கு, அதாவது 21 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு, பெயர் கொடுத்துவிட்டீர்கள். 2 மணித்தியாலத்துக்குள் ஓடவேண்டும் என்று ஆசை. இன்டர்வல், அதாவது ஒரு துண்டை வேகமாக ஓடி, ஆறி, திரும்பவும் ஓடும் பயிற்சி, செய்தால் வேகம் வரும் என்று யாரோ சொன்னதால் போன கிழமை மைதானத்தில் 400 மீற்றரை ஆறு தரம் ஓடினீர்கள். முதலாவது 1:55. ஆறாவது 2:50. அடுத்த நாள் விடிய எழும்பினால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படி இறங்க முடியவில்லை. இன்டர்வல் எனக்குச் சரிவராதா, 2 மணித்தியாலத்தை விட்டுவிடவா என்று கேட்கிறீர்கள்.

இன்டர்வல் சரிவரும். 2 மணித்தியாலம் இந்த ஒக்டோபரில் வராது. இரண்டுக்கும் காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

அந்த 1:55ஐயும் 2:50ஐயும் எழுதி வைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானவர்கள் முதல் சுற்றை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பார்கள். 400 மீற்றரை 1:55இல் ஓடுவது என்றால் கிலோமீற்றருக்கு 4:48 வேகம். அது 10 கிலோமீற்றரை 48 நிமிடத்தில் முடிக்கிற ஒருவரின் வேகம். உங்களுடையது 66. ஆறாவது சுற்றின் 2:50 என்பது கிலோமீற்றருக்கு 7:05. அதாவது, 'வேகப் பயிற்சி'யின் கடைசிச் சுற்றை நீங்கள் வழமையாக ஓடுவதைவிட மெதுவாக ஓடியிருக்கிறீர்கள். நடந்தது இதுதான்: ஒரு சுற்று உயிரைக் கொடுத்து ஓடினீர்கள், மற்ற ஐந்து சுற்றும் அதன் கடனைக் கட்டினீர்கள். இதில் உடம்புக்குப் போய்ச் சேர்ந்த பயிற்சி மிகக் கொஞ்சம். கெண்டைக்காலுக்குப் போய்ச் சேர்ந்த அடி மட்டும் முழுசாகப் போயிருக்கிறது.

இன்டர்வல் என்ற பெயரைக் கவனியுங்கள். இடைவெளி என்றுதான் அர்த்தம். ஓடும் துண்டுக்கு வைத்த பெயரில்லை, நடுவில் விடும் ஓய்வுக்கு வைத்த பெயர். ஜேர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பேர்ட் றைன்டெல் என்ற இருதய வைத்தியரும் சேர்ந்து இதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார்கள். ஒரு சிறு துண்டை ஓடி நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 180 அளவுக்குக் கொண்டுபோவது, பிறகு அது 120க்கு இறங்கும்வரை ஆறுவது, இறங்கியதும் அடுத்த துண்டு. 90 செக்கனுக்குள் 120க்கு இறங்கவில்லை என்றால் ஓடிய துண்டு உங்களுக்கு மிஞ்சிவிட்டது, குறைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர்களின் விதி. இருதயம் பலப்படுவதே அந்த ஓய்வு நேரத்தில்தான் என்று அவர்கள் நம்பினார்கள். இன்றைய விளக்கம் கொஞ்சம் வேறு; உடம்பு நிறைய ஒட்சிசனை இழுத்துக்கொண்டிருக்கும் நிமிடங்களின் மொத்தத்தைக் கூட்டுவதுதான் விடயம் என்கிறார்கள். ஆனால் 90 செக்கன் விதி இன்றைக்கும் நல்ல காவல்காரன். கெர்ஷ்லரிடம் பழகிய றுடொல்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீற்றரை 1:46.6இல் ஓடினார். அந்த உலகச் சாதனை 16 வருடம் நின்றது.

பிறகு வந்த எமில் ஸாட்டோபெக் ஒரே நாளில் பல பத்து 400 மீற்றர் ஓடுவார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10,000, மரதன் மூன்றிலும் தங்கம் வாங்கினார். அந்த மரதன் அவர் வாழ்க்கையில் ஓடிய முதல் மரதன். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அத்தனை தரம் ஓட முடிந்தது என்றால், ஒவ்வொன்றும் அவருக்குத் திரும்பச் செய்யக்கூடிய வேகத்தில் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் எண்களுக்கு வருவோம். ஒரு தூரத்தில் ஓடிய நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தை மதிப்பிட பீற் றீகல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு சூத்திரம் தந்தார். தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்தி நேரத்தால் பெருக்க வேண்டும். கணக்குக்குப் பயப்பட வேண்டாம், போட்டுவிட்டேன். தூரம் இரட்டித்தால் நேரம் 2.085 மடங்கு, 10 கிலோமீற்றரிலிருந்து அரை மரதனுக்கு ஏறத்தாழ 2.21 மடங்கு. உங்கள் 66 நிமிடத்துக்கு 5 கிலோமீற்றர் 31:39 வரும், அரை மரதன் 2:25:37 வரும். இரண்டாவது எண் கையிருப்பில்லை, வாக்குறுதி. நீண்ட ஓட்டங்களை ஒழுங்காகச் செய்தவருக்குத்தான் அது பலிக்கும். கிழமைக்கு 24 கிலோமீற்றர் மட்டும் ஓடுகிறவருக்கு உண்மையில் அதைவிடக் கூடவே எடுக்கும்.

5 கிலோமீற்றர் 31:39 என்றால் கிலோமீற்றருக்கு 6:20, அதாவது 400 மீற்றருக்கு 2:32. உங்கள் 400 மீற்றர் இன்டர்வலுக்கு இன்றைய சரியான வேகம் இதுதான். 2:28க்கும் 2:32க்கும் இடையில் வையுங்கள். 1:55 ஓடியவருக்கு 2:30 என்றால் அவமானமாக இருக்கும், தெரியும். முதல் இரண்டு சுற்றும் 'இதுக்கா வந்தனான்?' என்று தோன்றும். நான்காவதில் மூச்சு வாங்கத் தொடங்கும். ஆறாவதை முடிக்கும்போது, இன்னும் ஒன்று ஓடச் சொன்னால் ஓடலாம், இரண்டு சொன்னால் சண்டை பிடிப்பேன் என்ற நிலையில் இருக்கவேண்டும். ஆறும் ஐந்து செக்கன் வித்தியாசத்துக்குள் விழுந்தால் அன்றைய பயிற்சி வெற்றி. எல்லாவற்றிலும் வேகமானது கடைசிச் சுற்று என்றால் இன்னும் வடிவு.

நடுவில் 90 செக்கன் மெல்ல நடவுங்கள், அல்லது துள்ளு நடைபோல ஓடுங்கள். கழுத்தில் விரலை வைத்து 10 செக்கன் நாடியை எண்ணுங்கள். 20, 21 என்று வந்தால் அடுத்ததற்குப் போகலாம். 25க்கு மேல் நிற்கிறதா, இன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். மணிக்கூட்டில் தெரியும் துடிப்பை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். மணிக்கட்டில் ஒளி பாய்ச்சி அளப்பவை இப்படி ஏறி இறங்கும் ஓட்டத்தில் பின்தங்கித்தான் காட்டும். '220இலிருந்து வயதைக் கழி' என்ற கணக்கும் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும்.

உங்கள் மைதானச் சுற்று உண்மையில் 400 மீற்றர்தானா? எங்கள் பள்ளிக்கூட மைதானங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு இடத்துக்கு ஏற்றபடி 200, 300 மீற்றர் என்று கோடு போடுவார்கள். துரையப்பா விளையாட்டரங்கு போன்ற பெரிய இடத்திலும்கூட, 400 என்பது உள் ஓடுபாதைக்கு மட்டும்தான். வெளியே ஒவ்வொரு பாதை தள்ளும்போதும் ஏழு மீற்றருக்கு மேல் கூடும். எட்டாவது பாதை ஏறத்தாழ 453 மீற்றர். கைத்தொலைபேசியின் ஜீபிஎஸ் வளைவுகளை வெட்டிக் காட்டும். இதற்கு யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் ஒரு கருவி இருக்கிறது: சைக்கிள். முன்சில்லில் ஓர் இடத்தில் சோக்கால் கீறி, ஒரு முழுச் சுற்று உருட்டி, அந்த நீளத்தைத் தையல் நாடாவால் அளவுங்கள். பழைய 28 அங்குலச் சில்லு என்றால் 2.2 மீற்றரை ஒட்டி வரும். பிறகு மைதானத்தைச் சுற்றி உருட்டி எண்ணிக்கொள்ளலாம். சிரிக்காதீர்கள், உலகப் பெரு மரதன்களின் பாதையை அதிகாரபூர்வமாக அளப்பதும் சில்லில் எண்ணும் கருவி பூட்டிய சைக்கிளால்தான்.

இன்டர்வலைவிட உங்களுக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த ஆறு மாத முடக்கத்துக்குக் காரணம் வேகமாக ஓடாதது இல்லை. மெதுவாக ஓடாதது. நான்கு நாளும் 6 கிலோமீற்றர், நான்கு நாளும் 6:45 அளவில் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 10 கிலோமீற்றர் வேகமே 6:36தான். அப்படியானால் நீங்கள் நாள்தோறும் ஒரு சின்னப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், படிப்பதற்கு நாளே இல்லை. தசைக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுவதும், சக்தி தயாரிக்கும் இழைமணிகள் கூடுவதும், இருதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு ஏறுவதும் நிறைய நேரம் இலேசாக ஓடும்போது மலிவாகக் கிடைப்பவை. நோர்வேயில் வேலை செய்யும் ஸ்டீபன் ஸைலர் என்ற ஆய்வாளர் உச்ச நிலை ஓட்டக்காரர், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சியைப் பார்த்தபோது, ஐந்தில் நான்கு பங்கு அமர்வுகள் இலேசானவையாகவே இருந்தன. அவர்களே அப்படி என்றால், வேலைக்கும் போய்ப் பிள்ளைகளையும் பார்க்கும் எங்களுக்கு என்ன அவசரம்?

இலேசு என்றால் எவ்வளவு? பக்கத்தில் ஓடுபவரோடு கதைத்துக்கொண்டு ஓட முடியவேண்டும். நீங்கள் தனியே ஓடுவதாகச் சொன்னீர்கள். சரி, தெரிந்த தேவாரம் ஒன்றை மெல்லச் சொல்லிப் பாருங்கள். ஒரு வரியை ஒரு மூச்சில் முடிக்க முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. உங்களுக்கு அது கிலோமீற்றருக்கு 7:30இலிருந்து 8:00 வரை இருக்கும். ஒழுங்கையில் நிற்கும் சனம் 'இது என்ன, நடையா ஓட்டமா' என்று பார்க்கும். பார்க்கட்டும்.

இப்போது இலக்கு. அரை மரதன் 2 மணித்தியாலத்துக்குள் என்றால் கிலோமீற்றருக்கு 5:41. உங்கள் 5 கிலோமீற்றர் வேகமே இன்று 6:20. அதாவது அந்த வேகத்தில் 5 கிலோமீற்றர்கூட இப்போது ஓட முடியாது, 21 எங்கே. றீகல் கணக்கைத் திருப்பிப் போட்டால், 2 மணித்தியால அரை மரதனுக்கு முன்னால் உங்கள் 10 கிலோமீற்றர் 54:23க்கு வந்திருக்க வேண்டும். 66இலிருந்து 54 என்பது ஐந்து மாத வேலை இல்லை. ஒன்றரை, இரண்டு வருட வேலை. நடக்காதென்று சொல்லவில்லை, கல்லில் எழுதிய திகதியை அழியுங்கள் என்கிறேன்.

ஏன் 2 மணித்தியாலம் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது வட்டமான எண் என்பதால்தான். மரதன் ஓடியவர்களின் ஏறத்தாழ 1 கோடி நேரங்களைப் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் கூட்டிப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். 3 மணி, 3:30, 4 மணி என்ற எண்களுக்குச் சற்று முன்னால் ஆட்கள் கூட்டமாகக் குவிந்திருக்கிறார்கள். அதைத் தாண்டிய நிமிடத்தில் கூட்டம் சட்டென்று குறைகிறது. வட்டமான எண் கடைசி இரண்டு கிலோமீற்றரில் நல்ல சாட்டை. ஆனால் ஐந்து மாதத்துக்கு முன்னமே அதைக் கையில் எடுத்தால் அடி உங்களுக்குத்தான்.

வட்ட எண்ணைவிட மோசமானது ஒன்று உண்டு: வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் எண். இதை அனுபவத்தில் சொல்கிறேன். எனக்கு 44 வயதில், கனடாவில் இருக்கும் மச்சான் அரை மரதனை 1:52இல் ஓடிவிட்டுப் பதக்கத்தோடு படம் அனுப்பினார். அப்போது என் 10 கிலோமீற்றர் 58 நிமிடம். நான் 1:50 ஓடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கணக்குப் போட்டிருந்தால் 2:08 என்று அது சொல்லியிருக்கும். போடவில்லை. கிழமைக்கு மூன்று நாள் தார் றோட்டில் இன்டர்வல். ஆறாவது கிழமை முன்காலின் எலும்பில் ஓர் இடத்தில் விரலை வைத்தாலே நொந்தது. ஒன்பது கிழமை ஓட்டம் இல்லை. மச்சான் ஓடியது இலையுதிர் காலக் குளிரில். நெடுந்தூர ஓட்டத்துக்கு 10 பாகையை ஒட்டிய குளிர்தான் மிக உகந்தது. நான் ஓடியது சித்திரை வெக்கையில். அதுகூட அப்போது தலையில் ஏறவில்லை.

இலக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இலக்கின் பலத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த கதை ஓட்டக்காரர்களுடையதே இல்லை, அமெரிக்காவில் மரக்குற்றி ஏற்றும் லொறிச் சாரதிகளுடையது. அவர்கள் சட்டம் அனுமதித்த எடையில் 60 வீதம் அளவுக்கே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 'முடிந்தளவு ஏற்றுங்கள்' என்று எவ்வளவு சொல்லியும் மாறவில்லை. கேரி லேதம் என்ற உளவியலாளரின் யோசனைப்படி '94 வீதம்' என்று எண்ணாகவே கொடுத்தார்கள். சம்பளத்தில் ஒரு சதம் கூட்டவில்லை, சில மாதங்களில் 90 வீதத்தை ஒட்டி ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். 1975இல் வந்த ஆய்வு அது. எண்ணுக்கு அவ்வளவு சக்தி. ஆனால் ஒன்றைப் பாருங்கள்: லொறியில் எவ்வளவு ஏற்றுவது என்பது சாரதியின் கையில் இருந்தது. ஒக்டோபரில் உங்கள் மணிக்கூடு எதைக் காட்டும் என்பது பாதிதான் உங்கள் கையில். அன்றைய வெயில், கொழும்புப் புழுக்கம், முதல் இரவு நித்திரை எல்லாம் அதில் பங்கு கேட்கும். ஆகவே கூரான எண்களை உங்கள் கையில் முழுசாக இருப்பவற்றுக்கு வையுங்கள். கிழமைக்கு நான்கு ஓட்டம், அதில் மூன்று தேவாரம் சொல்லும் வேகத்தில். ஞாயிறு நீண்ட ஓட்டம் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஒரு கிலோமீற்றர் கூடும். 400களில் முதலாவதுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 5 செக்கனுக்குள். இரவு பத்து மணிக்குக் கைத்தொலைபேசி அடுத்த அறையில். இவற்றைக் கலண்டரில் கீறி வைத்து, செய்ததற்கு மேல் கோடு போடுங்கள்.

ஓட்ட நாளுக்கு ஒன்றல்ல, மூன்று இலக்கு வையுங்கள். நடக்காமல் ஓடி முடிப்பது ஒன்று. என்ன நடந்தாலும் இது இருக்கும். 2:20 இரண்டாவது. உங்களுக்கு ஒரு சுவாரசியம் சொல்கிறேன்: 2:20க்குத் தேவையான வேகம் கிலோமீற்றருக்கு 6:38. இன்று நீங்கள் 10 கிலோமீற்றருக்கு ஓடும் வேகம்தான் அது. அப்படியானால் வேகம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை 21 கிலோமீற்றருக்கு இழுக்கும் வேலைதான் மிச்சம். மூன்றாவது 2:15, காற்றும் காலநிலையும் கால்களும் சேர்ந்து கைகொடுத்தால் மட்டும், அதுவும் 15ஆவது கிலோமீற்றரில் தீர்மானிக்க வேண்டியது, தொடங்கும்போது அல்ல.

இப்போது மே. நாள்காட்டியைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டு துண்டு காலம் கிடைக்கிறது, நடுவில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா. கொடியேறி 25 நாளும் விரதம், விடியற்காலைப் பூசை, நித்திரைக் குறைவு, கோயிலைச் சுற்றிய வீதிகள் எல்லாம் மறிப்பு. அந்த நாட்களில் இன்டர்வல் செய்யப் போகிறேன் என்று திட்டம் எழுதுவது உங்களை நீங்களே ஏமாற்றுவது. ஆகவே கொடியேற்றத்துக்கு முன்னே ஒரு 10 கிலோமீற்றர் சோதனை, இலக்கு 63க்குள். திருவிழாக் காலம் முழுக்க இலேசான ஓட்டம், முடிந்த நாளில், சாப்பிட்ட நாளில். விரதத்தோடு வெயிலில் ஓட வேண்டாம். தேர், தீர்த்தம் முடிந்த பிறகு அரை மரதனுக்கான இரண்டாவது துண்டு. இரண்டு மூன்று கிழமை இலேசாக இருந்தால் பெற்றது எல்லாம் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 1954 வசந்தத்தில் றொஜர் பானிஸ்டர் பத்துத் தரம் கால் மைல் ஓடும் பயிற்சியில் 61 செக்கனுக்குக் கீழே இறங்க முடியாமல் தவித்தார். பேசாமல் ஸ்கொட்லாந்துக்கு மலையேறப் போனார், சில நாள் ஓடவே இல்லை. திரும்பி வந்து 59இல் ஓடினார். மே 6ஆம் திகதி மைல் தூரத்தை 3:59.4இல் முடித்து 4 நிமிடத்தை உடைத்தார். மலையேறுவதும் நல்லூரில் நிற்பதும் ஒன்றில்லைதான், ஆனால் ஓய்வு ஓய்வுதான்.

முதல் துண்டில் மூன்று கிழமை இன்டர்வலே வேண்டாம், கால் ஆறட்டும். கிழமையில் இரண்டு நாள் இலேசான ஓட்டத்தின் முடிவில் 80 மீற்றர் அளவுக்கு நாலு தரம் மெல்ல வேகமெடுத்து மெல்ல விடுங்கள். முழு வேகம் இல்லை. அதன் பிறகு கிழமைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், 6×400. அது மொத்தம் 2.4 கிலோமீற்றர், கிழமைக்கு 24, 25 ஓடுகிறவருக்கு வேகத் துண்டுகளின் கூட்டுத்தொகை பத்தில் ஒன்றைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கிழமை மொத்தம் 32ஐக் கடந்த பிறகு 8×400. அதுவும் ஒழுங்காக வந்தால் 4×800, ஒவ்வொன்றும் 5:05 அளவில், நடுவில் இரண்டரை நிமிடம். 63க்குள் 10 கிலோமீற்றர் வந்த பிறகு மட்டும் இந்த நேரங்களைக் குறைக்கலாம். பயிற்சியில் நேரம் குறைவது ஓட்டத்தில் குறைந்த பிறகுதான், மறுபக்கமாக அல்ல. நல்லூருக்குப் பிறகு 400களைக் குறைத்து, ஞாயிறு நீண்ட ஓட்டத்தை 16, 17 வரை கொண்டுபோய், அதன் கடைசி 3 கிலோமீற்றரை 6:38 வேகத்தில் ஓடிப் பழகுங்கள். அரை மரதனுக்கு அதுதான் சோறு, 400கள் கறி.

இன்டர்வலுக்கு முன் 15 நிமிடம் இலேசாக ஓடாமல் தொடங்கவே கூடாது. உங்கள் கெண்டைக்கால் பிடித்ததில் பாதிக் குற்றம் அதன்மேல் என்று நினைக்கிறேன். நேரே ஸ்கூட்டியில் வந்து இறங்கித் தொடங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் ஊரின் இரண்டு விடயம். ஒன்று காற்று. இப்போது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்குகிறது, ஆவணி தாண்டியும் அடிக்கும். பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் ஓடினால் போகும்போது நெஞ்சில் தள்ளும், வரும்போது முதுகில் தள்ளும். அங்கே வேகத்தைப் பார்த்து இன்டர்வல் ஓடினால் பைத்தியம் பிடிக்கும். இரண்டரை நிமிடம் பலமாக, ஒன்றரை நிமிடம் மெதுவாக என்று நேரத்தை வைத்து ஓடுங்கள். எவ்வளவு தூரம் போனோம் என்று பார்க்கவே வேண்டாம். கண்டிக்காரருக்கு மலை இருக்கிறது, மட்டமான எங்கள் குடாநாட்டில் ஏற்றம் ஓட இடமில்லை. சோளகம்தான் எங்கள் மலை. மைதானம் கிடைக்காத நாளில் இரண்டு மின்கம்பம் வேகமாக, மூன்று மின்கம்பம் மெதுவாக என்று வீதியிலும் செய்யலாம். 1930களில் சுவீடனின் கோஸ்தா ஹோல்மேர் இப்படித்தான் 'வேக விளையாட்டு' என்ற அர்த்தத்தில் ஃபார்ட்லெக் என்று ஒன்றைத் தொடங்கினார். கட்டாக்காலி நாய் இல்லாத வீதியாகப் பாருங்கள். வேகமெடுக்கும் ஆளைத்தான் அவை துரத்தும். கோண்டாவில் ஒழுங்கைகளில் சில நாள் நாய்தான் பயிற்சியாளர்.

இரண்டாவது வெக்கை. விடிய ஐந்து மணிக்கு வெப்பம் குறைவு, ஆனால் புழுக்கம் அப்போதுதான் உச்சம், வியர்வை காயாது. பின்னேரத்தைவிட அது பரவாயில்லை, ஆனாலும் ஒரே வேகத்துக்குத் துடிப்பு கூடத்தான் ஓடும். அப்படியான நாளில் 400க்கு 4, 5 செக்கன் விட்டுக்கொடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலான ஓட்டத்துக்குத் தண்ணி கொண்டுபோங்கள், வந்து இளநீரோ, ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் ஒரு பக்கற்றோ குடியுங்கள். வியர்வை நின்று குளிர் அடித்தாலோ, தலை சுற்றினாலோ, கதை குழம்பினாலோ அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது. நிழல், தண்ணி, ஆள் துணை. வெறுமனே சமாளிக்க வேண்டாம்.

பெண் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். நல்லாக ஓடியும் நேரம் அசையவில்லை, படியேறினால் இளைக்கிறது, எப்போதும் களைப்பு என்றால், பயிற்சியைக் குற்றம் சொல்ல முன்னம் ஹீமோகுளோபினும் ஃபெரிற்றினும் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு எங்கள் பெண்களிடம் நிறைய. அது இருக்கும்போது எந்த இன்டர்வலும் வேலை செய்யாது. வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தாலோ, சீனி, பிரஷர் இருந்தாலோ, வேக ஓட்டம் தொடங்க முன்னம் வைத்தியரிடம் ஒரு வார்த்தை. டெங்குவோ வேறு காய்ச்சலோ வந்து போனால் முழுசாகத் தெளிந்து ஒன்றிரண்டு கிழமை இலேசாக ஓடும்வரை வேகத்தைத் தொட வேண்டாம்.

கெண்டைக்கால் ஆறிவிட்டதா என்று அறிய: நொந்த காலில் மட்டும் நின்று குதியைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், 20 தரம். மற்றக் காலைப்போல நோ இல்லாமல் வந்தால் இலேசான ஓட்டத்துக்குத் தயார். வராவிட்டால் நடையும் சைக்கிளும். பத்து நாள் தாண்டியும் நொந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள், எண்ணெய் பூசிக்கொண்டிருக்க வேண்டாம்.

நாலாவது கிழமை அந்த 6×400 ஓடிய பிறகு நேரங்களை எழுதி அனுப்புங்கள். ஆறையும் அனுப்ப நேரமில்லை என்றால் ஆறாவது சுற்றின் நேரம் மட்டும் போதும்.